எழுதிக் கொடுத்தபடி

"அந்த பக்கெட்ல ஒரு சொம்பு மோந்தாலும் நாம சென்னையை மறந்துட வேண்டியதுதான்" என்றார் ராஜவேல், குளியலறை வாசலை மறித்துக்கொண்டு.

தோளில் துண்டோடு நின்ற லீலாவதிக்கு மூச்சு இரைத்தது. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் அன்று காலை குழாய் இருபதே நிமிடத்தில் கையை விரித்துவிட்டது. வீட்டில் மிச்சம் அந்த இரண்டு பக்கெட்தான்.

"பொண்டாட்டி அழுக்கா கிடக்கலாம். டைரக்டர் வீட்டு மீன் மட்டும் முழுகிக்கிட்டே இருக்கணும். அச்சா, நல்ல நியாயங்க!"

"இன்னும் அஞ்சே நாள், லீலா. போன குளிர்ல நீ பட்ட பாடு போதாதா?"

டெல்லிப் புகையில் அவளுக்கு இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்னை மாற்றலுக்கு ராஜவேல் போட்ட மனு, மேலதிகாரியான டைரக்டர் பாலசுப்ரமணியத்தின் மேஜையில் நான்கு மாதமாகத் தூங்குகிறது. அதை எழுப்பத்தான் இந்தப் பாடு.

ஒன்பது நாளுக்கு முன்பு, குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படும்போது பாலசுப்ரமணியம் ராஜவேலை வீட்டுக்கு அழைத்து, இரண்டடிக் கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். எட்டு சிவப்பு மீன், ஒரு கறுப்பு. அது ஞாயிற்றுக்கிழமை, பாலசுப்ரமணியத்தின் விரல்நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"வாஸ்துக்காகவே வாங்கினது. இது வந்த அப்புறம்தான் இவருக்கு ப்ரமோஷன்" என்றார் அவர் மனைவி, மேடம், பெருமையாக. "யாருக்கும் தூக்கிக் குடுத்துடக் கூடாதாம். ரெண்டு வாரம் பத்திரமா பாத்துக்குங்க."

பாலசுப்ரமணியம் மடித்த தாள் ஒன்றை நீட்டினார். "எல்லாம் எழுதியிருக்கேன். ஒரு எழுத்து மாறக் கூடாது. உங்க ஃபைலை வந்ததும் பார்க்கலாம்."

விலை சொல்லாமல் சரக்கை நீட்டுகிறவனிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். ராஜவேல் பரம்பரை குமாஸ்தா. அந்த சூட்சுமம் தெரியாது. தொட்டியை ஆபீஸ் காரில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

மீன் தீனி வாங்கப் போன இடத்தில் கடைக்காரன் அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். மூன்று வேளையும் ஒரு பிடி தீனி. தினமும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டு நேராகக் குழாய்த் தண்ணீர். ஃபில்டர் பஞ்சுக்கு சோப்பு.

"அரே சாப், இப்படிச் செஞ்சா மூணாம் நாள் தொட்டியில தண்ணி மட்டும்தான் இருக்கும்" என்று சிரித்தான் அவன். "ஒரு சிட்டிகை தீனி, ஒரே வேளை. கால்வாசித் தண்ணிதான் மாத்தணும், அதுவும் ஒரு நாள் பிடிச்சு வச்ச தண்ணி. பஞ்சை அந்தத் தொட்டித் தண்ணியிலேயே அலசணும்."

பெரிய அதிகாரிகள் என்றைக்கு விஷயம் தெரிந்து உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் ராஜவேல். தாளைச் சட்டைப்பையில் செருகினார். கடைக்காரன் சொன்னதைச் செய்தார்.

இரண்டு வாரம். பக்கெட் தூக்கி முதுகு விட்டுப்போனது. பாசி தேய்த்து விரல்நுனிகள் சுருங்கின. லீலாவதி பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டுக் குளித்து, அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டி திரும்பிப் போனது. மேடம் கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினார். "ஒம்போதும் இருக்கே! முன்னைவிடப் பளபளன்னு இருக்கு. எப்படிங்க பாத்துக்கிட்டீங்க?"

ராஜவேல் பவ்யமாகக் குனிந்தார். "நான் என்ன மேடம் செஞ்சேன்? சார் எழுதிக் குடுத்தபடியே ஒரு எழுத்து மாறாம செஞ்சேன். அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமையாச்சே, வழக்கம்போல தொட்டியைக் கழுவிடுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு மேடம் காபி கலக்க உள்ளே போனார். பாலசுப்ரமணியம் தொட்டியையே பார்த்தபடி நின்றார். பிறகு பெருமூச்சு விட்டு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டார்.

"சார், அந்த சென்னை ஃபைல்..." என்று மெல்ல ஆரம்பித்தார் ராஜவேல்.

பாலசுப்ரமணியம் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் எழுதினபடி செஞ்சிருந்தா, ஒண்ணுகூட உயிரோட இருந்திருக்காதேய்யா!"