கொண்டுவந்தவன் பொறுப்பு

“பேசிப் பார்டா. அந்தப் பக்கம் ஒரு எழவும் கேட்கலை” என்று தரகர் போனை மேஜைமேல் போட்டார்.

பஞ்சு பேசிப் பார்த்தான். கத்தியும் பார்த்தான். எதிர்முனையில் தரகரின் மனைவி, “யாரு? யாரு பேசறது?” என்று ஐந்து முறை கேட்டு, கடைசியில் நன்றாகத் திட்டிவிட்டு வைத்துவிட்டாள்.

பஞ்சு என்பது அவன் விரல்களுக்காகத் தொழில் வட்டாரம் வைத்த பெயர். அவை நுழைந்து வெளியேறியதை இதுவரை எந்தப் பாக்கெட்டும் உணர்ந்ததில்லை. இந்தப் போனும் நேற்றுக் காலை பஸ்ஸில், ஒரு வழுக்கைத் தலைக்காரரின் பின் பாக்கெட்டிலிருந்து அலுங்காமல் வந்ததுதான். பஸ்ஸில் இடம் இருந்தும் மனிதர் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். போன் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. லாக்கூடப் போடாத அப்பாவி.

“புத்தம்புதுசுண்ணே! திரையில ஒட்டின தாளைக்கூட உரிக்கலை.”

“புதுசுன்னா எனக்கென்ன? வாங்கிட்டுப் போனவன் திருப்பிக் கொடுத்துட்டான். நம்மகிட்ட வாங்கறவனுக்கு ஏழு நாள் கேரண்டி. கோளாறுன்னா கொண்டுவந்தவன் பொறுப்பு. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிக் கொண்டா. இல்லேன்னா இந்தப் படி ஏறாதே.”

ஊரில் திருட்டுப் போன் வாங்குபவர் இவர் ஒருவர்தான். இவர் கதவைச் சாத்தினால் பிழைப்பு அதோடு அம்பேல்.

சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான்.

“மைக் போயிடுச்சு சார். ஹார்டுவேர் கோளாறு” என்றாள் கவுண்ட்டர் பெண்.

“கைக்கு வந்து ஒரு நாள்தான்மா ஆகுது!” அதில் பொய் ஒன்றும் இல்லை.

“கம்பெனி நல்லாத்தான் சார் அனுப்புச்சு. வித்த கடையைக் கேளுங்க.”

“அவன் கம்பெனியைக் கேளும்பானே?”

“அப்படித்தான் சொல்வாங்க. பில் இருக்கா?”

பாக்கெட்டிலிருந்து போனோடு பில்லையும் சேர்த்து எடுக்கும் வசதி பஞ்சுவின் தொழிலில் இன்னும் வரவில்லை.

வெளியே வந்தவனுக்கு ஆத்திரமெல்லாம் வழுக்கைத் தலைக்காரர்மேல் திரும்பியது. கோளாறான பொருளைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நாலு பேர் வந்துபோகும் பஸ்ஸில் ஏறுகிறாரே, மனசாட்சி வேண்டாமா?

போனைத் துழாவினான். ஒரே ஒரு படம் இருந்தது. ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகை, முகவரியோடு. உடனே திட்டம் தயாராகிவிட்டது. ‘ரோட்டில் கிடந்தது’ என்று நல்லவனாகப் போய் நிற்பது. மனிதர் உருகிப்போவார். பேச்சுவாக்கில் பில்லை வெளியே எடுக்க வைப்பது. கிளம்பும்போது பில்லும் போனும் அவனோடேயே கிளம்பிவிடும்.

கடையில் அந்த வழுக்கைத் தலைக்காரர் மட்டும் உட்கார்ந்து கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

“இது என் போன் இல்லை.”

“உங்களுதுதான் சார். ரோட்டுல கிடந்துச்சு.”

“என் போனைத் திருடிட்டாங்க. ஸ்டேஷன்ல எழுதியும் கொடுத்தாச்சு. நீங்க கிளம்புங்க.”

“இதுல உங்க கடை படம் இருக்கு, பாருங்க சார்!”

“என் கடையை எவன் எவனோ படம் எடுப்பான். அதுக்கு நானா பொறுப்பு?”

சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பஞ்சுவுக்குப் பொறுமை போய்விட்டது.

“யோவ், உன் பின் பாக்கெட்டுல கையை விட்டு எடுத்தவனே நான்தான்யா! யார் போன்னு எனக்குத் தெரியாதா?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அவர் எழுந்தார். கண்ணாடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரையையும் இழுத்துவிட்டார். போயும் போயும் ஊமைப் போனுக்காக ஜெயிலுக்குப் போகிறோமே என்று பஞ்சுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் நெருங்கி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, கடைக்காரன் கம்பெனியைக் கேளுங்கறான். கம்பெனி கடையைக் கேளுங்குது. இன்ஷூரன்ஸ்காரன், கோளாறுக்குக் கிடையாது, திருடு போனா புதுசு தரேங்கறான். ஒன்பது நாளா இதைப் பின் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டு அதே பஸ்ல போக வர அலைஞ்சேன். மூணு பேர் ‘சார், போன் விழப்போகுது’ன்னு எடுத்துக் கையில கொடுத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் எடுத்துட்டுப் போனீங்க. பெரிய மனசு பண்ணி இதைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க!”

பஞ்சு பரிதாபமாகக் கேட்டான். “அப்ப எனக்கு யார் சார் பொறுப்பு?”

அவர் உண்மையிலேயே யோசித்தார். அவன் தோளைத் தட்டினார்.

“கவலைப்படாதீங்க தம்பி. வெள்ளிக்கிழமை புதுசு வருது. அதுலயும் கோளாறு இருந்தா அதே பஸ், அதே பாக்கெட். உங்களைத் தவிர வேற யாரையும் எடுக்க விடமாட்டேன்.”