வயர் எட்டிய தூரம்

ஹட்டன் கடைத்தெருவில், தேயிலை வியாபாரி நல்லமுத்துவின் ஆபீஸ் அறை. எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான சர்வர் இன்று ஓடத் தொடங்குகிறது. கள்ளனுக்குப் பயந்து முதலாளி அடிப்பித்த இரும்புக் கூண்டுக்குள் அது உறுமுகிறது. வயர் வெளியே எட்டாததால், சர்வரைப் பொருத்திய லோஜினியின் மேசையும் கூண்டுக்குள்தான். “முடிஞ்சிருச்சுங்க மொதலாளி. சொன்ன மாதிரி நாளைக்குக் கொழும்பு வேலைக்குப் போறேங்க,” என்கிறாள். “போறதாவது! இது நின்னா யாரு எழுப்புறது? ஒங்கப்பாகிட்ட பேசிட்டேன் புள்ள, சரின்னுட்டாரு.” சந்தனம் பூசிய சர்வர் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டுகிறது. சன்னலை மூடிய பனிக்குள் எங்கோ கொழும்பு ரயில் கூவிக்கொண்டு இறங்குகிறது. கூண்டுக்கு வெளியே நின்று கற்பூரம் காட்டிய முதலாளி, தட்டை அவள் பக்கம் நீட்டுகிறார். லோஜினி கம்பிகளுக்கிடையே கைகளை விட்டு, சுடரைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்கிறாள்.