சுயேச்சை சிவனாண்டி

1989 நவம்பர் 16. நாடாளுமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்ற சிவனாண்டி, ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவர் யாரை எதிர்த்து நின்றாரோ அந்த எம்.பி. பரிபூரணம்தான் முதல் ஆளாகப் பார்க்க வந்தார்.

இரண்டு முறை டெல்லி போயும் பரிபூரணம் யாரையும் கடிந்து பேசியதில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட அவரை மரியாதையாக ‘அவிய’ என்றே சொல்வார்கள். ஆனால் இந்த முறை அவர் தோற்பார் என்று டீக்கடைகளில் பேச்சு.

“ஏலே, நீ படுத்துக்கிட்டா நான் யாரோடல போட்டி போட?”

சுந்தரபாண்டியம் நெசவாளியான சிவனாண்டி சிரிக்கப் பார்த்தார். இருமல் விடவில்லை.

“நூல் விலைக்காக உங்க வாசல்ல வந்து கத்துன ஆளுய்யா இவரு,” என்றாள் அவர் மனைவி மாடத்தி. “இருமலப் பாத்துட்டு இதே டாக்டர்கிட்டக் காட்டுனீய. பொறவு, ‘ஏம்ல கத்துற, நீயே எலெக்‌ஷன்ல நில்லு’ன்னு டெபாசிட்டும் கட்டுனீய. யாருய்யா செய்வா?”

“ஜனநாயகம்னா எல்லாரும் நிக்கணும் தாயி.”

“என் ஓட்டு இவரு ஏணிச் சின்னத்துக்குத்தான். கோவிச்சுக்கிடாதீய.”

“புருசன் இருக்க எனக்குப் போட்டாத்தான் கோவிப்பேன்.”

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள்.

வெளியே காரில் பரிபூரணத்தின் தேர்தல் ஏஜெண்ட் பீர் மைதீன் காத்திருந்தார். “எதிர்க்கட்சிக்காரன் ஜெயிச்சாச்சுன்னு இப்பவே வெடி வாங்கி வச்சிட்டான்ணே. ரெண்டு மாசம் கெடைச்சாச் சமாளிச்சிரலாம். இருக்குற நாளுல என்னத்தச் செய்ய?”



வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் விடிகாலையில் சிவனாண்டி இறந்துபோனார். பரிபூரணம் சுந்தரபாண்டியம் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார். மாடத்தி அவர் காலில் விழுந்து அழுதாள். தெருவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

சுயேச்சையானாலும் வேட்பாளர் ஒருவர் இறந்துவிட்டதால், அன்றைய சட்டப்படி அந்தத் தொகுதியில் தேர்தல் தள்ளிவைக்கப்படுவதாக மாலையில் அறிவிப்பு வந்தது.

பரிபூரணம் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“மனு போடயிலேயே டாக்டர் ஐப்பசி தாண்டாதுன்னாரு, மைதீன். பய எம்புட்டு இழுத்துட்டான்!”