சிவப்பாக நிற்கும் கோடு

மாலை வெயில் எங்கள் கண்காணிப்பு அறையின் பெரிய திரையில் சாய்ந்து விழுகிறது. மாநிலக் கல்லூரிகளை இணைக்கும் இணைய வழிகளைக் காட்டும் கோடுகளில் வடக்கே போகும் ஒன்று மட்டும் சிவப்பாக நிற்கிறது. பனி வாரும் வண்டி மோதிக் கம்பம் சாய்ந்ததில் அங்கே கேபிள் அறுந்துவிட்டது. அதன் முனையிலுள்ள சிறு கல்லூரியில் நர்சிங் மாணவிகள் தேர்வுக் கணினிகளின் முன் காத்திருக்கிறார்கள். காப்பி ஆறிக்கிடக்க, என்னோடு பணியிலிருக்கும் மார்வின் போனை நோக்கிக் குனிகிறார். “இன்னும் எவ்வளவு நேரமாகும், லோர்னா?” அங்கே பனியில் மண்டியிட்டு, அறுந்த கேபிளின் கண்ணாடி இழைகளை ஒட்டிக்கொண்டிருப்பவள் சிரிக்கிறாள். “கை விறைச்சுப்போச்சு. உன் ஹீட்டரை இங்க அனுப்பு, உடனே முடிச்சிடறேன்.” சற்றுக் கழித்துக் கோடு பச்சையாகிறது. கல்லூரியிலிருந்து வந்த அழைப்பைக் கேட்டுவிட்டு மார்வின் அவளிடம் சொல்கிறார்: “பிள்ளைங்க எழுத ஆரம்பிச்சிட்டாங்களாம்.” மறுமுனையில் வண்டிக் கதவு சாத்தும் ஓசை கேட்கிறது. “நல்லாக் கேட்டுச்சு. ஆனாலும் இன்னொரு தடவை சொல்லு,” என்கிறாள் லோர்னா.