சீமைச் சிரப்பின் மகிமை

"பார்த்தேளா டாக்டர்? எல்லாம் ஸ்ட்ராபெரி சிரப்!" நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார் ஸ்ரீரங்கன்.

டாக்டர் தனசிங் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். ரத்தம் நன்றாகவே ஏறியிருந்தது. இதே மேற்குத் தாம்பரம் கிளினிக்கில், "ரத்தம் ரொம்பக் கம்மி. ஏறலைன்னா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு ஏத்த வேண்டியதுதான்" என்று முன்பு மிரட்டி அனுப்பியவர் அவர்தான். ஸ்ரீரங்கனுக்கோ மாத்திரை ஒத்துக்கொள்ளாது, காய்கறி என்றால் காத தூரம் ஓடுவார். ஊசி என்றால் இன்னும் கொஞ்சம் கூடவே ஓடுவார்.

"நியூஜெர்சியிலேருந்து மச்சினன் ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்தான். தோசைக்கு அதான், சப்பாத்திக்கு அதான். தயிர்சாதத்துக்குக்கூட ரெண்டு ஸ்பூன்! வைட்டமினாம், இரும்புச்சத்தாம். லேபிளைப் படிச்சாலே தெம்பு வந்துடறது."

"டேஸ்ட் எப்படி சார்?"

"லேசா மண் வாசனை அடிக்கும். அமெரிக்க மண்ணாச்சே, சும்மாவா? மூணு மாசமாச்சு, இன்னும் பாதி பாட்டில் இருக்கு. ஃபாரின் சரக்குன்னா ஃபாரின் சரக்குதான்!"

பக்கத்தில் அவர் மனைவி சுந்தரவல்லி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் பிரசங்கம் செய்யும் இடத்தில் அவள் வாய் திறப்பதில்லை.

டாக்டருக்கே சபலம் தட்டிவிட்டது. உள்ளேயே பெஞ்சில் காத்திருந்த பொத்தேரி புஷ்பத்தைப் பார்த்தார். நிறைமாதக் கர்ப்பிணி, ரத்தமே இல்லாமல் வெளிறிக் கிடந்தாள்.

"கேட்டியாம்மா? இந்தச் சிரப் எங்கயாவது கிடைச்சா வாங்கிச் சாப்பிடு."

"அமெரிக்காவுக்கு நான் எங்க சார் போறது? வூட்ல சோத்துக்கே பேஜாரா கீது." புஷ்பத்தின் கண் கலங்கிவிட்டது. "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல சார்?"

ஸ்ரீரங்கனுக்கும் மனசு இளகத்தான் செய்தது. ஆனால் பாட்டிலைக் கொடுக்கும் அளவுக்கு இல்லை. "எல்லாத்துக்கும் ஒரு கொடுப்பினை வேணும்மா" என்று பெருமூச்சு விட்டார்.

சுந்தரவல்லி சட்டென்று எழுந்து போய்ப் புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அழாதேம்மா. அந்தப் பாட்டில்ல ஊத்தி இவருக்கு நான் குடுக்கறது தாம்பரம் மார்க்கெட் பீட்ரூட்."