பிரேக் மின்சாரம்

ரயில் பிரேக் போட்டால்தான் எங்கள் குடியிருப்புக்கு மின்சாரம். அடுத்த ரயில் வரும்வரை அது தாங்கும். நடைமேடையில் ஆள் இருந்தால்தான் ரயில் நிற்கும். அதனால் வீட்டுக்கொருவர் முறைவைத்து நின்றோம். ஏற மாட்டோம்.

இன்று தமயந்தியின் முறை. ரயில்கள் நிற்காமலே போயின.

"ஏறாத மூஞ்சிக்கெல்லாம் இனி வண்டி நிக்காதுக்கா. ஆர்டர்," என்றான் நடைமேடைக் காவலாளி.

"ஏறி எங்கடா போறது? இருந்த வேலையையும் புடுங்கிட்டீங்க."

தம்பி போனில் அழைத்தான். அம்மாவின் மூச்சுக் கருவி நின்றுவிட்டதாம்.

தூரத்தில் அடுத்த ரயில் தெரிந்தது. தமயந்தி தண்டவாளத்தில் இறங்கி நின்றாள்.

"சாவப் போறியாக்கா?" என்று கத்தினான் காவலாளி.

"நான் ஏன் சாவணும்? அது நிக்கட்டும்."

ரயில் கிறீச்சிட்டு அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"கரண்ட் வந்துடுச்சுக்கா," என்றான் தம்பி போனில். "அடுத்த வண்டி எப்போ?"