குக்கர் விசில்

பேச்சுப் போட்டிக்காக வீட்டில் பயிற்சி செய்தபோது, 'வணக்கம்' என்ற முதல் சொல்லிலேயே பூங்கோதைக்கு நாக்கு மூன்று முறை இடறியது. பின்னால் குக்கர் விசிலடித்தது. அந்தக் குரல்பதிவை அவள் தன் தோழி அபர்ணா ஒருத்திக்கு மட்டும் அனுப்பிவிட்டு, உடனே தன் கைப்பேசியிலிருந்து அழித்தாள். மறுவாரம் அது பாட்டாகிப் பதினோராம் வகுப்பின் எல்லாக் கைப்பேசிகளிலும் ஒலித்தது.

"குக்கர் வருதுடி, கேஸ நிறுத்துங்க!" என்று பின்வரிசை சிரித்தது. அன்றிலிருந்து அவள் குரல், தொட்ட நத்தையைப் போல உள்ளே சுருண்டுகொண்டது. வருகைப் பதிவுக்குக்கூட வெளிவரவில்லை. நான்கு நாள்களாக அபர்ணாதான் அவளுக்காகப் பதில் சொன்னாள்.

"எவடி இந்த வேலையப் பாத்தது? கையில கெடச்சா சும்மா விடமாட்டேன்," என்று இன்றும் தோளை அணைத்துக்கொண்டாள் அபர்ணா. பூங்கோதை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூங்கோதை!" என்று ஆசிரியர் அழைத்தார்.

"வந்திருக்கா ஐயா, தொண்ட கட்டியிருக்கு," என்று அபர்ணா முந்திக்கொண்டாள்.

பூங்கோதை தோளிலிருந்த கையை மெல்ல எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"உ... உ... உள்..."

பின்வரிசையில் விசில் கிளம்பியது. அபர்ணா தலையைக் குனிந்துகொண்டாள். பூங்கோதை உட்காரவில்லை. ஆசிரியரின் பேனா பதிவேட்டின்மேல் காத்திருந்தது.